இடம் கிடைத்த பிறகு: ஜேர்மனியில் மருத்துவம் படிக்கும் எம் பிள்ளைகள்



ஒவ்வொரு வருடமும் பாடசாலை முடிவுகள் வெளிவரும் காலத்தில் எனக்குச் சில தொலைபேசி அழைப்புகள் வரும். நான் ஆசிரியனும் அல்ல, வைத்தியனும் அல்ல. கணக்கு எழுதிப் பிழைப்பவன். வார இறுதியில் வானொலியில் பேசுகிறேன் என்பதனால், தெரியாததையும் இவரிடம் கேட்கலாம் என்று எம்மவர் நினைக்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணை, பிள்ளைக்கு 2.2 தான் வந்திருக்கு. மெடிசினுக்கு எத்தனை வருசம் காத்திருக்கவேணும்?"

சென்ற மாதம் இதுபற்றி நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தார்கள். வானொலியில் அரை மணித்தியாலம் போதவில்லை. எனவே இங்கே சற்று விரிவாகத் தருகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். எம்மவர் வீடுகளில் மருத்துவபீட அனுமதி என்பது ஒரு பெரிய கலியாணவீடு மாதிரி. கடிதம் வந்ததும் இனிப்புக் கொடுப்போம், கோயிலில் அர்ச்சனை செய்வோம், ஊருக்கு ரெலிபோன் எடுப்போம். அதன்பிறகு வரும் ஆறு வருடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நீண்டகாலம் காத்திருந்து இடம் பெற்ற பிள்ளைக்கு அந்த ஆறு வருடங்கள்தான் கடினமானவை. அந்தக் கஷ்டத்தில் பாதி படிப்பினால் வருவது. மற்றப் பாதி வயதினாலும் பணத்தினாலும் வருவது. படிப்பை நாங்கள் பிள்ளைக்காகப் படிக்க முடியாது. மற்றப் பாதியை முன்கூட்டியே கணக்கிட்டுக் குறைக்கலாம். இன்றைய கட்டுரையின் நோக்கம் அதுதான்.

இவ்வளவு நெருக்கடி ஏன்?

ஜேர்மனியில் அபித்தூர் எடுத்த ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழகம் செல்லும் உரிமை உண்டு. ஆனால் மருத்துவத்துக்கு இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். 2017/18 குளிர்கால செமெஸ்ரரில் 9,000க்குச் சற்று மேற்பட்ட இடங்களுக்கு 43,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தார்கள். ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஓர் இடம். இப்படி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதைத்தான் நூமெறுஸ் கிளவுசுஸ் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் சுருக்கமாக "என்.சி." என்பார்கள்.

இது புதிய பிரச்சினை அல்ல. 1972 ஜூலை 18 ஆம் திகதி கார்ல்ஸ்ரூஹ நகரிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் மருத்துவ அனுமதி பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. இருக்கும் வசதிகள் முழுவதையும் பயன்படுத்தியும் இடம் போதாவிட்டால் மட்டுமே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம், தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வழியில் வாய்ப்பு இருக்கவேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். பவேரியா தன் சொந்த மாநிலப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சலுகையையும் அவர்கள் ஏற்கவில்லை. அதன்பின் டோர்ட்முண்ட் நகரில் இசட்.வி.எஸ். என்ற மத்திய அலுவலகம் 1973 இல் வேலையைத் தொடங்கியது. 2010 இல் அதன் இடத்தை இன்றைய ஹொக்ஷூல்ஸ்டார்ட் எடுத்துக்கொண்டது.

1972 என்றதும் எங்களில் மூத்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதற்கு முந்திய வருடம், 1971 இல், இலங்கையில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவபீடத்துக்குச் செல்லத் தமிழ்மொழி மூலம் படித்தவருக்கு 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூலம் படித்தவருக்கு 229 புள்ளிகளும் தேவைப்பட்டன. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதன் விளைவுகளை நான் இங்கே சொல்லவேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் "டொக்டர்" என்ற சொல்லுக்கு இருக்கும் பாரம் அந்தக் காலத்திலிருந்தும் வருகிறது. அண்ணனுக்குக் கிடைக்காதது, தனக்குக் கிடைக்காதது, பிள்ளைக்காவது கிடைக்கவேண்டும் என்று ஒரு தகப்பன் நினைப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாரத்தைச் சுமப்பது பிள்ளை என்பதை மறக்கக்கூடாது.

காத்திருந்தால் கிடைக்கும் என்ற காலம்

2019 வரை இருந்த முறை இதுதான். சில சிறிய ஒதுக்கீடுகளைக் கழித்தபின் மிஞ்சும் இடங்களில் 20 வீதம் அதிசிறந்த அபித்தூர் புள்ளி உள்ளவர்களுக்கு. 20 வீதம் அதிக காலம் காத்திருந்தவர்களுக்கு. மிகுதி 60 வீதத்தைப் பல்கலைக்கழகங்களே தம் விதிப்படி தெரிவு செய்யும். இந்த 60 வீதத்திலும் அபித்தூர் புள்ளிக்கே பெரும் இடம் இருந்தது.

ஆகவே 1.0, 1.1 எடுக்காத பிள்ளைக்கு நிச்சயமான வழி ஒன்றே இருந்தது. காத்திருப்பது. வரிசை வருடாவருடம் நீண்டது. இறுதியில் 14, 15 செமெஸ்ரர், அதாவது ஏழு வருடங்களுக்கு மேல் என்றாகிவிட்டது. மருத்துவப் படிப்பின் காலமே ஆறு வருடமும் மூன்று மாதமும்தான். படிக்கும் காலத்தைவிடக் காத்திருக்கும் காலம் அதிகம்.

கெல்சன்கிர்சன் நிர்வாக நீதிமன்றம் இதை ஏற்க முடியாது என்று கருதி, இரண்டு விண்ணப்பதாரிகளின் வழக்குகளை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2017 டிசெம்பர் 19 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பழைய முறையின் பல பகுதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை, 2019 முடிவுக்குள் புதிய விதி செய்யவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. காத்திருக்கும் காலத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்றது. புள்ளியை மட்டும் பார்க்காமல் வேறு தகுதிகளையும் பார்க்கவேண்டும் என்றது. 16 மாநிலங்களின் அபித்தூர் புள்ளிகளை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது என்றும் சொன்னது. துரிங்கியாவில் சராசரிப் புள்ளி பல வருடங்களாக நீடர்சாக்சனைவிடச் சிறப்பாக இருந்து வருகிறது. ஆகவே ஒரு மாநிலத்தின் 1.5 மற்ற மாநிலத்தின் 1.5 ஆகாது.

2020 கோடைகால செமெஸ்ரரிலிருந்து நடைமுறையில் உள்ள முறை வேறு. 30 வீதம் அபித்தூர் புள்ளிக்கு. இங்கே பிள்ளையின் இடம் அந்தந்த மாநிலத்துக்குள்ளேயே கணிக்கப்பட்டு, பிறகு ஒப்பிடப்படுகிறது. 10 வீதம் அபித்தூர் புள்ளியைப் பார்க்கவே பார்க்காத ஒதுக்கீடு. மிகுதி 60 வீதம் பல்கலைக்கழகங்களின் தெரிவு. அதிலும் புள்ளியோடு சேர்த்து வேறு தகுதிகளும் பார்க்கப்படவேண்டும். காத்திருந்த காலத்துக்கு 2020, 2021 ஆகிய இரு வருடங்கள் மட்டும் குறைந்துகொண்டு செல்லும் மதிப்புக் கொடுத்தார்கள். அதன்பின் அது இல்லை.

நேயர்களே, இதைக் கவனமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று வெறுமனே காத்திருப்பதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. "இருந்தால் எப்படியும் வரும்" என்று பழைய கதையை இப்போதும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது முடிந்துவிட்டது. இப்போது மதிப்புப் பெறுபவை இரண்டு. ஒன்று டி.எம்.எஸ். என்ற பொதுப் பரீட்சை. அதில் மருத்துவ அறிவைக் கேட்பதில்லை. வரைபடம் வாசித்தல், நினைவாற்றல், கணக்கிடல் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். மற்றது தாதி, அவசர மருத்துவ உதவியாளர், ஆய்வுகூட உதவியாளர் போன்ற தொழிற்பயிற்சியும் அனுபவமும். எந்தப் பல்கலைக்கழகம் எதற்கு எவ்வளவு கொடுக்கிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "முதலில் வேறு ஏதாவது பட்டத்தை முடி, பிறகு மெடிசின் பார்க்கலாம்" என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ஒரு பட்டத்தை முடித்தவர் அதன்பின் இரண்டாவது படிப்புக்கு விண்ணப்பிப்பவராகவே கணிக்கப்படுவார். அவர்களுக்கான ஒதுக்கீடு மிகச் சிறியது. தொழிற்பயிற்சிக்கு அந்தத் தடை இல்லை.

உள்ளே போன பிறகு

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் மகளைப் பற்றி, அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். 2011 இல் அபித்தூர் எடுத்தார். புள்ளி 2.3. மூன்று வருடம் தாதியர் பயிற்சி, அதன்பின் நான்கு வருடம் வைத்தியசாலையில் வேலை. ஒவ்வொரு செமெஸ்ரருக்கும் விண்ணப்பம், ஒவ்வொரு முறையும் மறுப்பு. 2018 இல், 26 வயதில், காத்திருந்தோர் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது.

அவர் எனக்குச் சொன்ன முதல் விடயம் இது. "மாமா, எனக்கு ஊசி போடத் தெரியும், காயம் கட்டத் தெரியும், ஆள் சாகேக்க பக்கத்தில நிக்கவும் தெரியும். ஆனா முதல் வருசம் அதில ஒண்டையும் ஒருத்தரும் கேக்கேல்ல. பௌதிகமும் இரசாயனமும்தான் கேட்டவை."

அதுதான் உண்மை. வழமையான பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வருடங்கள் அடிப்படை விஞ்ஞானம். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், பிறகு உடற்கூற்றியல், உயிர் இரசாயனவியல், உடற்றொழிலியல், மருத்துவ உளவியல். நோயாளியைப் பார்ப்பது மிகக் குறைவு. உடற்கூற்றியலில் இறந்தவரின் உடலை மாதக்கணக்கில் பகுதி பகுதியாக அறுத்துப் படிக்கவேண்டும். தம் உடலைப் படிப்புக்காக எழுதிவைத்துவிட்டு இறந்தவர்கள் அவர்கள். பாடநெறியின் முடிவில் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களும் உறவினர்களும் சேர்ந்து அவர்களுக்கு நினைவு வழிபாடு நடத்துவார்கள். பாடநெறி நடக்கும்போது சில வாரங்களுக்கு ஒருமுறை டெஸ்டாட் என்ற வாய்மொழித் தேர்வு. தசை, நரம்பு, எலும்பு எல்லாவற்றுக்கும் லத்தீன் பெயர்.

பாடசாலையிலிருந்து நேரே வந்த 18, 19 வயதுப் பிள்ளைகளுக்கு இரசாயனம் இன்னும் மூளையில் சூடாக இருக்கும். ஏழு வருடம் இரவு வேலை செய்துவிட்டு வந்தவருக்கு அது ஆறிப்போயிருக்கும். வகுப்பில் பக்கத்தில் இருப்பவர்கள் தம்பி தங்கை வயதினர். அவர்கள் மாலையில் குழுவாகப் படிக்கும்போது இவர் வார இறுதி வேலைக்குப் போவார். கொரோனாக் காலத்தில் அவருடைய பழைய விடுதியிலிருந்து மேலதிக வேலைக்கு வரும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இவரும் மறுக்கவில்லை.

இரண்டு வருட முடிவில் முதலாவது அரச பரீட்சை. பிசிக்கும் என்பார்கள். இரண்டு நாளில் 320 எழுத்துக் கேள்விகள், அதன்மேல் உடற்கூற்றியல், உயிர் இரசாயனவியல், உடற்றொழிலியலில் வாய்மொழிப் பரீட்சை. எழுத்துக் கேள்விகளை மைன்ஸ் நகரிலுள்ள ஒரு நிறுவனம் நாடு முழுவதற்கும் ஒரேமாதிரித் தயாரிக்கிறது. தவறினால் இரண்டு முறைதான் மீண்டும் எழுதலாம். மூன்றாம் முறையும் தவறினால் ஜேர்மனியில் எங்கும் மருத்துவம் படிக்க முடியாது. ஆஹன், கேல்ன், பேர்லின் சரிட்டே போன்ற சில இடங்களில் வேறு மாதிரியான பாடத்திட்டம் இருக்கிறது. அங்கே நோயாளியை ஆரம்பத்திலேயே சந்திப்பார்கள்.

நான் சொன்ன பிள்ளை எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தார், வாய்மொழியில் தவறினார். தவறிய பகுதியை மட்டும் அடுத்த முறை எழுதிச் சித்தியடைந்தார். இடையில் அந்த ஆறு மாதம் அவர் ஊர்க் கொண்டாட்டங்கள் எதற்கும் வரவில்லை. ஏன் என்று கேட்டபோது, "எல்லாரும் 'இன்னும் முடியேல்லையா' எண்டு கேப்பினம்" என்றார். அந்த ஒரு கேள்வியை நாங்கள் எத்தனை பேரிடம் கேட்டிருப்போம் என்று எண்ணிப்பாருங்கள்.

2017 தீர்ப்பிலேயே ஒரு விடயம் குறிப்பிடப்பட்டிருக்கிறது. நீண்டகாலம் காத்திருந்து இடம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் படிப்பைக் கைவிடுகிறார்கள் என்று. இதைப் படித்துவிட்டு, இவர்களுக்கு மூளை போதாது என்று நினைப்பவர்கள் உண்டு. என் மேசைக்கு வரும் கடதாசிகளைப் பார்க்கும் எனக்கு வேறு காரணங்கள் தெரிகின்றன.

25, 30: இரண்டு பிறந்தநாட்கள்

இனி எனக்குத் தெரிந்த பகுதிக்கு வருகிறேன். ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் பொதுவாகப் படிப்புக் கட்டணம் இல்லை. செமெஸ்ரருக்குச் சில நூறு யூரோ நிர்வாகப் பங்களிப்பு மட்டுமே. ஆனால் வாடகை, உணவு, காப்புறுதி எல்லாம் உண்டு. அதில் வயது ஒரு பெரிய பங்கு வகிக்கிறது.

முதலாவது, 25 ஆவது பிறந்தநாள். அதுவரைக்கும்தான் கிண்டர்கெல்ட் வரும். அதுவரைக்கும்தான் பிள்ளை பெற்றோரின் மருத்துவக் காப்புறுதியில் பணம் கட்டாமல் சேர்ந்திருக்கலாம். 19 வயதில் படிப்பைத் தொடங்கும் பிள்ளை ஏறக்குறையப் படிப்பு முடியும்வரை இவற்றைப் பெறும். 26 வயதில் தொடங்கும் பிள்ளைக்கு முதல் நாளே இவை இல்லை. மாணவர் காப்புறுதி என்று தனியாக மாதம் ஏறத்தாழ 140 யூரோ கட்டவேண்டும்.

இரண்டாவது, 30 ஆவது பிறந்தநாள். மிகச் சில விதிவிலக்குகள் தவிர, மாணவர்களுக்கான குறைந்த காப்புறுதிக் கட்டணம் அத்துடன் முடிகிறது. அதன்பின் மாதம் 200 யூரோவுக்கு மேல். 26 இல் தொடங்கியவருக்கு இது நான்காம் வருடத்தில், பரீட்சைகள் நெருங்கும் நேரத்தில் வந்து நிற்கும். பணம் போதாமல் வேலை நேரத்தைக் கூட்டுவார். வேலை கூடினால் படிப்புப் பின்னுக்குப் போகும். படிப்புப் பின்னுக்குப் போனால் உதவிப்பணம் நிற்கும். படிப்பைக் கைவிடும் கதை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது.

ஆனால் இதே வயதுக்காரருக்குச் சட்டத்தில் சில நன்மைகளும் உண்டு. அவை தெரியாமலே பலர் கஷ்டப்படுகிறார்கள்.

பாஃபோக் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறோம். அப்பா இரண்டு வேலை செய்கிறார், அம்மாவும் வேலை, ஆகவே கிடைக்காது என்று விண்ணப்பமே போடுவதில்லை. ஆனால் பிள்ளை மூன்று வருடத் தொழிற்பயிற்சியை முடித்து, அதன்பின் மூன்று வருடம் வேலை செய்து தன் செலவைத் தானே பார்த்திருந்தால், பெற்றோரின் வருமானம் கணக்கில் எடுக்கப்படாது. 18 வயதுக்குப் பின் ஐந்து வருடம் வேலை செய்திருந்தாலும் அப்படியே. 2024 இலையுதிர்காலத்தில் வந்த மாற்றத்தின்படி, தனியே வசிக்கும் மாணவருக்குக் காப்புறுதிப் பங்கு உட்பட ஆகக்கூடிய தொகை மாதம் 992 யூரோ. அதில் பாதி இலவசம், பாதி வட்டியில்லாக் கடன். கடனில் திருப்பிக் கட்டவேண்டிய உச்சத் தொகை 10,010 யூரோ மட்டுமே. 2022 வரை 30 வயதுக்குள் படிப்பைத் தொடங்கவேண்டும் என்று ஒரு எல்லை இருந்தது. அந்த வருடம் அது 45 ஆக உயர்த்தப்பட்டது. நான்கு செமெஸ்ரர் முடிவில் படிப்பு ஒழுங்காக நடக்கிறது என்ற சான்று கொடுக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அடுத்தது வரி. பயிற்சி எதுவும் முடிக்காமல் முதல் படிப்பைப் படிப்பவருக்கு, படிப்புச் செலவை அந்தந்த வருட வருமானத்திலிருந்து மட்டும், 6,000 யூரோ வரைதான் கழிக்கலாம். வருமானம் இல்லாத மாணவருக்கு அதனால் பயனில்லை. ஆனால் ஒரு தொழிற்பயிற்சியை முறைப்படி முடித்துவிட்டு மருத்துவம் படிப்பவரின் செலவு தொழிற் செலவாகக் கணிக்கப்படும். புத்தகம், கணினி, பயணம், செமெஸ்ரர் பங்களிப்பு எல்லாவற்றையும் வருடாவருடம் வரிப் பத்திரத்தில் நட்டமாகக் காட்டி அடுத்த வருடங்களுக்கு எடுத்துச் செல்லலாம். வைத்தியராகி முதல் சம்பளம் எடுக்கும்போது அந்த நட்டம் வருமானத்திலிருந்து கழியும். நான் சொன்ன பிள்ளை ஆறு வருடமும் ரசீதுகளை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். இப்போது அந்தப் பெட்டிக்குப் பயன் கிடைக்கிறது. தாதி, உதவியாளர் பயிற்சி முடித்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே அவர்களிடம் ஒரு பெட்டியைக் கொடுங்கள்.

வைத்தியசாலைக்குத் திரும்பும் வருடங்கள்

பிசிக்கும் முடிந்தபின் மூன்று வருடம் நோய்கள் பற்றிய படிப்பு. விடுமுறைகளில் நான்கு மாதம் ஃபமுலாத்தூர் என்ற பயிற்சி. படிப்பின் ஆரம்பக் கட்டத்தில் செய்யவேண்டிய மூன்று மாதத் தாதிச் சேவையும் உண்டு. ஏற்கெனவே தாதியாகப் பயின்றவருக்கு அது கழிக்கப்படும். ஐந்தாம் வருட முடிவில் மூன்று நாள் எழுத்துப் பரீட்சை. ஆறாவது வருடம் முழுவதும் வைத்தியசாலையில். உள்மருத்துவம், சத்திரசிகிச்சை, விரும்பிய ஒரு துறை என்று ஒவ்வொன்றும் 16 வாரம், மொத்தம் 48 வாரம். அதற்குக் கிடைக்கும் பணம் இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் மிகச் சொற்பம். முழுநேர வேலை என்பதனால் வேறு வேலைக்கும் போக முடியாது. ஆகவே இந்த ஒரு வருடத்துக்கென்று முன்கூட்டியே சிறிது சேமித்து வைப்பது புத்திசாலித்தனம். இறுதியில் இரண்டு நாள் வாய்மொழி, செய்முறைப் பரீட்சை. அதன்பின்தான் அப்ரோபாட்சியோன் என்ற தொழில் அனுமதி.

இந்த நான்கு வருடங்களில்தான் முன்பு வேலை செய்தவர்கள் தலைநிமிர்கிறார்கள். இரத்தம் எடுக்க மற்றவர்கள் கை நடுங்கும்போது இவர்களுக்கு நடுங்காது. நோயாளியோடு எப்படிப் பேசுவது, தாதியர்களோடு எப்படி வேலை செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. முதல் இரண்டு வருடம் பயனற்றுப் போனதாகத் தோன்றிய அனுபவம் இங்கே திரும்பி வருகிறது. அதுவரை அந்தப் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

இன்னும் இரண்டு விடயங்கள், பெற்றோர் அடிக்கடி குழம்புபவை. ஜேர்மனியில் மருத்துவம் முடித்தவுடன் "டொக்டர்" பட்டம் தானாக வராது. அதற்கு ஒரு ஆய்வு எழுதித் தனியாகப் பட்டம் பெறவேண்டும். அந்தப் பட்டம் இல்லாதவரும் முழுமையான வைத்தியரே. மற்றது பிரஜாவுரிமை. ஒரு காலத்தில் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவருக்கு இங்கேயே படித்தாலும் முழு அனுமதி கிடைப்பது கடினம், தற்காலிக அனுமதியே கொடுத்தார்கள். 2012 ஏப்பிரல் முதல் அந்த வேறுபாடு நீக்கப்பட்டது. இங்கே அபித்தூர் எடுத்த பிள்ளை எந்தக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அனுமதியில் ஜேர்மன் பிள்ளையைப் போலவே கணிக்கப்படும்.

வேறு வழிகள்

டி.எம்.எஸ்., தொழிற்பயிற்சி ஆகியவை தவிர வேறு வாசல்களும் இருக்கின்றன. கிராமப்புற வைத்தியர் ஒதுக்கீட்டை நோர்ட்றைன் வெஸ்ட்பாலன் 2019/20 குளிர்கால செமெஸ்ரரில் முதலில் தொடங்கியது. பின்னர் வேறு மாநிலங்களும் தொடங்கின. அபித்தூர் புள்ளி குறைந்தவருக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் படிப்பு முடிந்தபின் பத்து வருடம் வைத்தியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் வேலை செய்வதாக ஒப்பமிடவேண்டும். மீறினால் அங்கே 250,000 யூரோ வரை தண்டம். 18 வயதுப் பிள்ளைக்கு இது சிறிய கையெழுத்து அல்ல. வீட்டில் எல்லோரும் இருந்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

விற்றன் ஹெர்டெக்க தனியார் பல்கலைக்கழகம் தனக்கென்று ஒரு தெரிவு முறை வைத்திருக்கிறது. கட்டணம் உண்டு, அதைப் படிப்பு முடிந்தபின் வருமானத்துக்கேற்பக் கட்டும் வழியும் உண்டு. ஹங்கேரியின் புடாபெஸ்டில் 1983 முதல் டொச் மொழியிலேயே மருத்துவம் கற்பிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியப் பட்டம் என்பதால் இங்கே ஏற்கப்படும். ஆனால் செமெஸ்ரருக்குப் பல ஆயிரம் யூரோ செலவு. வீட்டை அடகு வைப்பதற்கு முன், 12 செமெஸ்ரருக்கும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். முதல் வருடத்துக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் உதவி அல்ல.

பெற்றோருக்கு

காத்திருந்து படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் மூன்று காரியங்கள் செய்யலாம். பிள்ளையோடு ஒரு மாலை இருந்து ஆறு வருடத்துக்குமான வரவு செலவை ஒரு தாளில் எழுதுங்கள். 25, 30 ஆகிய இரண்டு வயதுகளையும் அதில் சிவப்பால் குறியுங்கள். வார இறுதி வேலையைக் குறைக்க உங்களால் மாதம் நூறு யூரோ கொடுக்க முடியுமென்றால், அதைப் பரீட்சைக்கு முந்திய அரைவருடத்தில் கொடுங்கள். அப்போதுதான் அது அதிகம் உதவும். மூன்றாவது, மற்றவர் முன்னிலையில் முடிவுத் திகதி கேட்காதீர்கள், கேட்பவர்களையும் தடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். தாதியாகவே இருந்துவிட முடிவு செய்யும் பிள்ளையும் உண்டு. பல வருடம் விண்ணப்பித்துவிட்டு, "எனக்கு இந்த வேலையே பிடித்திருக்கிறது, போதும்" என்று சொன்ன ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அவருடைய தாயார் ஆறு மாதம் அழுதார். இன்று அந்தத் தம்பி தீவிர சிகிச்சைப் பிரிவில் பொறுப்பானவர். தாயார் நோயுற்றபோது அந்த மகனின் கைதான் அவரைத் தூக்கி உட்கார வைத்தது. வெள்ளை மேலங்கி அணிந்த பிள்ளை மட்டும்தான் வென்ற பிள்ளை என்ற எண்ணத்தை நாங்கள் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

பாஃபோக், வரிப் பத்திரம் தொடர்பாகச் சந்தேகங்கள் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். தனிப்பட்ட விபரங்களை வானொலியில் வாசிக்கமாட்டோம். தொகைகள் வருடாவருடம் மாறும் என்பதனால், விண்ணப்பிக்கும் முன் உங்கள் நகரத்து மாணவர் சேவை நிலையத்திலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த மாத உரையில் ஓய்வூதியக் கணக்குப் பற்றிப் பேசவிருக்கிறேன். பெற்றோருக்கும் ஒரு கணக்கு இருக்கிறதல்லவா! அதுவரை விடைபெறுகிறேன். வணக்கம்.